சித்தி எழுதிய விண்வெளி நாவல்

சித்தி வேலை முடிந்து வரும்போது, காதுக் கருவியின் பட்டை அழுந்திய தடம் அவள் தலைமுடியில் தெரியும். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். மனிதன் நிலவில் இறங்கிய செய்தி வந்ததிலிருந்து, ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து விண்வெளி நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். தூரத்துக் கிரகத்தில் புயல். விண்கலத்தின் கதவை மூடிவிட்டுப் புறப்படும்படி பூமியிலிருந்து கட்டளை வருகிறது. வெளியே போன ஒருவன் இன்னும் திரும்பவில்லை. அப்போது தளபதியின் உள்ளே ஒரு குரல் ‘திற’ என்கிறது.

அந்தக் குரல் ஏதாவது இயந்திரத்திலிருந்து வருவதாக மாற்றினால் தொடராகப் போடலாம் என்று வாரப்பத்திரிகை ஆசிரியர் சொன்னார். படித்துப் பார்த்த எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார், “கடவுள்னு ஒரு வார்த்தை போட்டுடேம்மா” என்றார். சித்தி இரண்டுக்கும் இசையவில்லை. “யாரோட குரல்னு எனக்கே தெரியல சாமி. தெரியாதத எப்படி எழுதறது?” என்றாள்.

அந்த மழைக்காலத்தில் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்தது. யார் கேட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லும்படி மேலதிகாரி உத்தரவிட்டார். அவள் பின்னாலேயே நின்றுகொண்டார். சித்தியும் இரண்டு மூன்று பேருக்கு அப்படித்தான் சொன்னாள். அடுத்து மளிகைக் கடைப் போனிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“யக்கா, எங்கூட்டுக்காரரு பாய்லராண்டதான் வேல செய்றாரு. நல்லாத்தான கீறாரு?”

சித்தி அவன் பெயரைக் கேட்டாள். காயம்பட்டவர்களில் அவனும் ஒருவன். “ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்கம்மா. ஒடனே கெளம்பு” என்றாள். மேலதிகாரி கை நீட்டி இணைப்பைப் பிடுங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். அந்த மனிதன் பிழைக்கவில்லை. ஆனால் மனைவி போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்தது, பேசினானாம். சித்திக்கு வேலை போனது.

வீட்டில் இருந்த நாட்களில் அந்த அத்தியாயத்தை அவள் திருத்தி எழுதினாள். குரலை எடுத்துவிட்டாள். வெளியே நிற்பவன் கதவைத் தட்டுகிறான், தளபதி திறக்கிறான், அவ்வளவுதான். அதே பத்திரிகை அதைத் தொடராக வெளியிட்டது.

இப்போது நானும் ஓர் அலுவலகத்தில், மற்றவர் எழுதிக் கொடுத்த பதில்களைச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். சித்தி இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, பாய்லர் வெடித்த அன்று அவளுக்குள்ளே ஏதாவது குரல் கேட்டதா என்று விசாரித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“இல்லடி. அந்தப் பொண்ணு குரல்தான் கேட்டுச்சு.”