பிடியைப் பிடித்தவர் யார்?

இது கட்டுக்கதை இல்லை. அகல்யா இன்றும் ஜாசின் ஊரில்தான் இருக்கிறாள். கேட்டால் சொல்வாள். ஆனால் அந்தக் குரலை மட்டும் பேசிக் காட்டமாட்டாள்.

விமானம் ஓட்டும் லைசென்ஸ் அவளிடம் இருந்தது. இருந்தாலும் அவள் சேர்ந்திருந்த விமான கிளப்பின் விமானத்தைத் தனியாக எடுக்க வேண்டுமென்றால், முதலில் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். தேறிவிட்டால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிக் காய்ப்பேறிய கையோடு இருக்கும் அப்பாவை ஏற்றிக்கொண்டு அவர் வேலை செய்யும் தோட்டத்துக்கு மேலேயே பறக்கலாம். அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அன்று மாலை பயிற்சியாளர் கணேசமூர்த்தியோடு கிளம்பினாள். ஓட்டும் பிடி ஆளுக்கொன்றாக இருவர் முன்னாலும் இருந்தது; ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். யார் கேப்டன், விமானம் யார் பொறுப்பு என்பதை ஏறும் முன்பே வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். வானம் கறுத்திருந்தது.

“மழைக்கு முன்ன போயிட்டு வந்துருவோம்லா,” என்றார் அவர்.

யார் கேப்டன் என்று பேசிக்கொள்ளவே இல்லை. பயிற்சியாளர் அவர்தானே என்று இவள் நினைத்தாள். ஓட்டுவது இவள்தானே என்று அவர் நினைத்தார்.

மெர்லிமாவ் ஊரைத் தாண்டியதும் விமானத்தின் மூக்கு மெல்லச் சாய்ந்தது. அவர்தான் சாய்த்துச் சோதித்துப் பார்க்கிறார் போல என்று அகல்யா பிடியைத் தளர்த்தினாள்.

“கேப்டன் யாரு?”

தலையில் மாட்டியிருந்த காதுக்கருவியில் ஒரு குரல். களைத்துப்போன குரல்.

“நீங்கதானே சார்?”

கணேசமூர்த்தி திரும்பினார். “நான் ஒன்னும் கேக்கலியேமா. ஏன் இறக்குறே?”

“நான் இறக்கல சார்... நீங்கன்னு...”

இருவரும் பிடியை இழுத்தார்கள். அசையவில்லை. எதிரே யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல...

செம்பனை ஓலைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

“கேப்டன் யாரு?”

இம்முறை காதுக்கருவியில் இல்லை. பின்னால்.

பிடரியில் மூச்சு பட்டது.

குளிர்ந்த மூச்சு.

“நான்...” அகல்யா பிடியை மீண்டும் இறுகப் பற்றினாள். “நான்தான் கேப்டன்.”

பிடி இளகியது.

ஓலைகளை உரசிக்கொண்டு விமானம் மேலே ஏறியது. கிளப்புக்குத் திரும்பி இறங்கினார்கள்.

மெக்கானிக் ஜைனுதீன் விமானத்தை முழுக்கப் பார்த்தார். ஒரு பழுதும் இல்லை.

“எங்கமா நடந்துச்சு?”

“மெர்லிமாவ் தாண்டி, அங்கிள்.”

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“முன்ன ரெண்டு பேரு இதே மாதிரி ஓட்டிக் காட்டப் போனாங்க. வேற விமானம். அங்கதான் விழுந்தாங்க. அதுலயும் பழுது ஒன்னும் இல்ல.”

“அப்புறம் எப்படி அங்கிள்?”

“அவங்கள வெளிய எடுக்கப் போனவங்கள்ல நானும் ஒருத்தன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பெல்ட் போட்டபடி உக்காந்திருந்தாங்கமா. நாலு கையும் மடியிலதான் இருந்துச்சு.”