அக்காவின் டேலியாவுக்கு நான் வைத்த கண்

தீபாவளிக்கு வந்த கொடைக்கானல் சித்தி எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு டேலியாக் கிழங்கு கொண்டுவந்தாள். நோஞ்சான் சர்க்கரைவள்ளி போல இருந்த அதிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூ வருமாம். வல்லத்திராக்கோட்டை வெயிலுக்கு வருமா என்று அப்பா கேட்டார். பனிக்காலத்தில் கட்டாயம் வரும் என்று சித்தி அடித்துச் சொன்னாள். ஒரு கிழங்கில் மட்டும் பச்சையாக முளை எட்டிப் பார்த்தது. சின்னவள் என்பதால் அது எனக்கு. அக்காவின் முகம் சுருங்கியதை நான் சந்தோஷமாகவே பார்த்தேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய இரண்டு பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் சாண எருவும் நிரப்பி, அவரவர் கிழங்கை அவரவர் புதைத்தோம். புதைத்த கையோடு அடிபம்புக்கு ஓடி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

இலை மேலே வரும்வரை தண்ணீரே காட்டாதே என்று சித்தி சொல்லியிருந்தாள். முளைத்த கிழங்குக்காரிக்கு எதற்கு அந்தச் சட்டம்? காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு என்று ஊற்றினேன். பத்தே நாளில் அக்காவின் வாளியில் இலை விரிந்தது. என் வாளியைத் தோண்டினால் அழுகிய கூழ்தான் கையில் வந்தது.

"தண்ணிய ஊத்தி ஊத்திச் சாகடிச்சுட்டியேடி," என்றாள் அம்மா.

எனக்கு வயிறு எரிந்தது. செடியைப் பிடுங்கிப் போட்டால் முதுகில் டின் கட்டிவிடுவார்கள். அப்போதுதான் தெருக்கோடிப் பெரியம்மா ஞாபகம் வந்தார். அவர் "அடேயப்பா, எம்புட்டுப் பிஞ்சு!" என்று வியந்தால் மறுநாளே சுரைப்பிஞ்சு வெம்பி விழும் என்பார்கள். அவர் தலை தெரிந்தால் அம்மா பந்தலுக்குக் குறுக்கே சேலையைக் காயப்போடுவாள். அந்த வித்தையை நானும் கையில் எடுத்தேன். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அக்காவின் வாளி முன்னால் நின்று, கண் கொட்டாமல் பார்த்து, "அடேயப்பா, எம்புட்டு வளத்தி!" என்பேன்.

செடி அதுபாட்டுக்கு வளர்ந்தது. ஒருநாள் மொட்டில் ஒரு பச்சைப்புழு. அது தின்று தீர்த்தால் பெயர் புழுவுக்குப் போய்விடுமே என்று எடுத்து நசுக்கினேன். தண்டு காற்றில் சாய்ந்தபோது, காற்று என்னை முந்திவிடக் கூடாதென்று குச்சி நட்டுக் கட்டினேன்.

"பாத்தீங்களா, சின்னவளுக்கு அக்கா செடி மேல எம்புட்டுப் பாசம்னு," என்று அம்மா அப்பாவிடம் பூரித்தாள்.

அக்கா பூரிக்கவில்லை. நான் வாளியருகே நின்றால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

பொங்கலுக்கு முதல்நாள் பூ விரிந்தது. கருஞ்சிவப்பு, சித்தி சொன்ன அதே தட்டு அகலம். தெருவே வந்து பார்த்தது. பொறாமையில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"நீயே வெட்டிக்கடி. எனக்கு வேணாம்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

என் கண்ணுக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பாதித் தலையை மறைத்த அந்தப் பூவை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினேன்.

போன மாதம் அக்காவின் புதுக்கோட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் வரிசையாக டேலியா. வாடிய இலையைக் கிள்ளிக்கொண்டே அக்கா சொன்னாள்:

"அன்னிக்கி நீ தண்ணி எடுக்க ஓடுனப்ப வாளிய மாத்தி வச்சுட்டேன்டி. நீ கண்டுபுடிச்சுட்டேன்னுதான் நெனச்சேன். தெனமும் வந்து வந்து நின்ன. எப்ப அம்மாட்டச் சொல்லிக் குடுப்பியோன்னு எனக்குச் சோறே எறங்கல."

இரண்டு மாதமாக என் சொந்தச் செடிக்குத்தான் கண் வைத்திருக்கிறேன். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. அந்த மார்கழியில் அக்காவின் பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்காமல் இரண்டு தடவை அம்மா பிடித்துத் தைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்தான்.