சூடு ஆறாத சப்பாத்து

சப்பாத்துக்குள் காலை விட்டால் சூடாக இருக்கும்... அக்காவின் கால் சூடு. கொஞ்சம் வியர்வை வாடையும் கூடவே வரும், பொய் சொல்லக்கூடாது.

மஹய்யாவவில் நாங்கள் இருந்த வீட்டில் அப்போது ஒரே சோடி கறுப்புச் சப்பாத்துதான். அக்காவுக்குக் காலையில் பார்மசியில் வேலை. எனக்குப் பிற்பகலில் புடவைக்கடை. கறுப்புச் சப்பாத்து இல்லாமல் போனால் இரண்டு முதலாளிமாரும் உள்ளே விடமாட்டார்கள்.

அதனால் தினமும் ஒரு மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்து பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம். அவள் சப்பாத்தைக் கழற்றித் தந்துவிட்டு என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வாள். அவளுக்குக் கால் பெரிது. நான் முன்பக்கம் பேப்பரைக் கசக்கி அடைத்துக்கொள்வேன்.

பத்தே நிமிடம்... ஆனால் எத்தனை கதை. டாக்டரின் கையெழுத்து புரியாமல் முழித்ததைச் சொல்லிச் சிரிப்பாள். பின்னாளில் கட்டிக்கொண்டவரைப் பற்றி முதன்முதலில் சொன்னதும் அங்கேதான், ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் செருப்புமாக நின்றுகொண்டு.

"அம்மாகிட்ட சொல்லிறாத. சொன்னா நாளைக்கு வெறுங்காலோடதான் கடைக்குப் போவ."

எனக்கோ எப்போது சொந்தமாக ஒரு சோடி வாங்கலாம் என்றே இருந்தது. தீபாவளி போனஸில் வாங்கினேன். காலை விட்டால் உள்ளே சில்லென்று இருந்தது. ஒரு வாரம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அடுத்த வாரம் அது வெறும் சப்பாத்து.

ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டிய வேலையும் அதோடு இல்லாமல் போனது. அன்றைக்கு அதை நான் கவனிக்கவே இல்லை.

இன்று என் அலுமாரிக்குக் கீழே ஒன்பது சோடி இருக்கிறது. ஒவ்வொன்றும் எத்தனை நாள் சந்தோஷம் தந்தது என்று போன வாரம் உட்கார்ந்து யோசித்தேன். எதுவுமே அந்த ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. ஏன் அப்படி? இன்னும் விளங்கவில்லை...

அக்கா இப்போது குண்டசாலையில் இருக்கிறாள். பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனால் பார்த்து ஏழு மாதமாகிறது. சண்டை ஒன்றுமில்லை. ஒருவரிடம் ஒருவருக்குத் தேவை வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் வலிக்கிறது.

நேற்று போன் எடுத்தேன்.

"அக்கா, ஒங்க கறுப்புச் சப்பாத்த ஒரு நாளைக்குத் தருவீங்களா?"

"என்னாடி, ஒங்கிட்ட இல்லாத சப்பாத்தா?"

"இருக்கு."



"நாளைக்கு ஒரு மணிக்கு மணிக்கூட்டுகிட்ட வர்றேன்," என்றாள். "பேப்பர் கொண்டு வா."