பால் பொங்கிய பின்கட்டு

போன செவ்வாய்க்கிழமை வந்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை. இதை எழுதும்போதுகூட பேனா என்னை முந்திக்கொண்டு ஓடுகிறது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்...

சரி. விஷயம் ஒரு கட்டடம். ஒரு கட்டடத்துக்கா இந்தக் குதி குதிக்கிறாள் என்று கேட்காதீர்கள். கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை பார்ப்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். டைப் அடிப்பேன், போன் எடுப்பேன், எங்கள் பம்பாய் மேனேஜர் கோபப்படும்போது முகத்தை நல்லபடியாக வைத்துக்கொள்வேன். எங்கள் முதலாளிக்குக் கடைத்தெருவில் ஒரு மனை. ஐந்து மாடிதான் கட்டலாம் என்றது பலதியா. முனிசிபாலிட்டிக்கு இங்கே அதுதான் பெயர். எந்த ஊர் பலதியா என்று மட்டும் கேட்காதீர்கள். எமிரேட்டுகள் ஏழு இருக்கின்றன, உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி ஏழு மாடி கேட்டார். பலதியாவும் இறங்கி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. அதே மனையின் பின்பக்கம் வரிசையாக அறைகள் கட்ட வேண்டும். ஜன்னல், சமையலறை, குளியலறை எல்லாம் இருக்க வேண்டும். குறைந்த சம்பளக்காரர்களை அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் குடிவைக்க வேண்டும். "எங்கள் சைட் ஆட்களையே குடிவைக்கிறோம்" என்றார் முதலாளி. அதை டைப் அடித்தபோது எனக்கே மனசு நிறைந்துபோனது. எங்கள் ஆட்கள் இருக்கும் கேம்ப்பைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பாலைவனத்து நடுவில் தகரக் கொட்டகை, லாரியில் ஒரு மணி நேரப் பயணம். ஜூலை மாதத்தில் அந்தத் தகரத்தின் கீழே தூங்குவது என்றால்... வேண்டாம், அது வேறு கதை.

ஏழு மாடியும் எழும்பியது. பின்கட்டும் எழும்பியது. வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, பார்க்க அவ்வளவு லட்சணம்!

அப்புறம்தான் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் விஷயத்தைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை பலதியா இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆட்கள் குடியிருப்பதைப் பார்த்தால்தான் கட்டடத்துக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்வார். அதுவரை ஜெனரேட்டர்தான். அதனால் அன்று காலை கேம்ப் ஆட்களை ஆளுக்கொரு பையோடு அங்கே கொண்டுபோய் விட வேண்டும். சாயந்திரம் லாரி வந்து திருப்பி அழைத்துப் போய்விடும். மறுநாளிலிருந்து பின்கட்டு... கீழ்த்தளத்துக்கு வரப்போகிற கார்பெட் கடையின் கோடவுன்.

"யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார். மனிதர்கள் தூங்க வேண்டிய இடத்தில் கார்பெட் சுருண்டு படுத்துக்கொள்ளுமா? வெளியே வந்து டைப்ரைட்டரை நாலு போடு போட்டேன். அதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு முருகேசன் வந்து நின்றார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். எங்கள் கொத்தனார்களுக்கு மேஸ்திரி. கேம்ப்பில் சமையல் மெஸ்ஸையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"அக்கா, ஒங்க வூட்ல புதுப் பாத்திரம் எதாச்சும் இருக்குமா? அடி கருகாததா..."

"எதுக்கு முருகேசன்?"

"புது வூட்டுக்குப் போறம்ல. பால் காய்ச்சணும். எங்ககிட்ட இருக்கதெல்லாம் மீன் கொழம்பு வச்ச சட்டிதான்."

சொல்லலாமா? சொன்னால் என் வேலை போகும், அவர் சந்தோஷமும் போகும். சொல்லாவிட்டால்... செவ்வாய் சாயந்திரம் அந்த லாரி எல்லாவற்றையும் சொல்லிவிடும். பேசாமல் போய் மீனா பஜாரில் ஒரு பித்தளைப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தேன். டின் பால் ஆகாது, பசும்பால்தான் வேண்டும் என்று அல் ஐன் பக்கத்துப் பண்ணையிலிருந்து வருகிற பாலையும் தேடிப் பிடித்தார் மனிதர்.

செவ்வாய் வந்தது. குறிப்பெடுக்க வேண்டும் என்று மேனேஜர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். பின்கட்டு வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொடி முழுக்கக் கைலிகள். சுவரில் ஆணி அடித்து முருகன் படம். கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிகள். உள்ளேயிருந்து தாளிக்கிற வாசனை!

"க்யா ஹை யே? ஏக் ஏக் பேக் போலா தா நா!" என்று பல்லைக் கடித்தார். ஆளுக்கொரு பையோடு வரச் சொன்னால் இவர்கள் கேம்ப்பையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"என்ன முருகேசன் இது?" என்று கிசுகிசுத்தேன்.

"செவ்வாக்கெழம யாருக்கா புது வூட்டுக்குப் போவா? அதான் லாரிக்காரனக் கெஞ்சி நேத்து விடியக்காலமே வந்துட்டம்."

அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். உயரமான சூடான்காரர். சிரிக்காத முகம். இந்த மாதிரி நாடகங்களைப் பார்த்துப் பழகியவர். முன்பு வேறொரு கம்பெனி இப்படித்தான் ஆட்களை உட்கார வைத்தது. மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்தக் கட்டடம் பல மாதம் இருட்டில் கிடந்தது.

குழாயைத் திறந்தார். ஃபேனைப் போட்டார். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாகச் சமையலறைக்குள் போனார்... போனவர் வெளியே வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். புது அடுப்பு மேல் பால் பொங்கி வழிந்து காய்ந்து கிடந்தது. மேடையில் அரிசி மாவுக் கோலம். கோலம் அழிந்துவிடுமே என்று ஒருவரும் துடைக்கவில்லை போலிருக்கிறது.

"சாரி சார், சாரி சார்!" மேனேஜர் பதறினார். முருகேசன் பக்கம் திரும்பி, "கந்தா ஆத்மி! ஜல்தி சாஃப் கரோ!" என்று, அழுக்குப் பயலே சீக்கிரம் துடை என்கிற மாதிரி, இந்தியில் கத்தினார்.

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "இது ஏன் இப்படி? பாலைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்களா?"

"இல்லை சார். வேண்டுமென்றேதான் பொங்க விட்டார்கள். எங்கள் ஊரில் புது வீட்டுக்குக் குடி போகும்போது முதலில் இதைத்தான் செய்வோம். பால் பொங்கி வழிந்தால் அந்த வீட்டில் வாழ்க்கையும் நிறைந்திருக்கும் என்று நம்பிக்கை."

"ஒரு நாள் மட்டும் தங்கிவிட்டுப் போகிற இடத்திலும் செய்வீர்களா?"

அம்மாடி! அந்தக் கேள்வி நேராக வந்து விழுந்தது. மேனேஜர் என்னை முறைத்தார். அவருக்குக் கரண்டும் வேண்டும், கோடவுனும் வேண்டும். நான் என்ன சொன்னால் எது கிடைக்கும் என்று அவருக்கே புரியவில்லை. ஆனால் என் வாய் நன்றாகவே வேலை செய்தது.

"மாட்டோம் சார். ஒரு நாள் தங்குகிற இடத்தில் எங்கள் ஆட்கள் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். சத்தியமாக!"

இன்ஸ்பெக்டர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பு. "கலாஸ்!" என்றார். அரபியில் 'முடிந்தது' என்று அர்த்தம். மேனேஜரின் தோளில் கை போட்டார். "நாடகம் மாஃபி, நாடகமே இல்லை. மனிதர்கள் வாழ்கிறார்கள். உங்களுக்குக் கரண்ட் வரும். இது இனி குடியிருக்கும் வீடு என்று எழுதுகிறேன். எங்களைக் கேட்காமல் இவர்களில் ஒருவரையும் கிளப்பக் கூடாது. இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நான் இங்கேதான் டீ குடிப்பேன்."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது! கத்தவில்லை. குறிப்பு நோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சாயந்திரம் வந்த லாரியை மேனேஜரே காலியாகத் திருப்பி அனுப்பினார். கார்பெட்காரர் வேறு கோடவுன் தேடுகிறாராம். தேடட்டும்.

வெள்ளிக்கிழமை பின்கட்டில் எனக்கு விருந்து. மெஸ் சாப்பாடு, கோழிக்குழம்பு. எல்லோரும் மத்தியானம் ஃபேனுக்கடியில் கால் நீட்டித் தூங்குவதைப் பார்த்ததும் எனக்கு மனசு தாங்கவில்லை. முருகேசனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரே ஒரு நாளைக்குத்தான் கொண்டுவந்தார்கள், எனக்கு முன்னாலேயே தெரியும், சொல்ல தைரியம் வரவில்லை...

அவர் சிரித்தார்.

"எங்களுக்கும் தெரியும்க்கா. செவ்வாக்கெழம சாயந்தரம் திருப்பி ஏத்திக்கிட்டுப் போகணும்னு லாரிக்காரனே மொதல்லயே சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா? அப்புறம் எதுக்குப் பால் காய்ச்சினீங்க?"

"இங்க வந்த நாளா தகரத்துலதான கெடந்தம். ஒரு நாளுன்னாலும் வூடு வூடுதானக்கா."

அப்படியானால் இன்ஸ்பெக்டரிடம் நான் செய்த சத்தியம்? உங்களில் பலதியாவில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து இந்த வாரம் என் பத்தியைப் படிக்காதீர்கள்!