அம்மனுக்கு முதுகு கிடையாது

எங்கள் அம்மாவின் அடக்க ஒடுக்கத்துக்கு நாங்கள் இருந்த காஜா பெராங்கில் நல்ல பெயர் இருந்தது. கோயிலுக்குப் போனாலும் பாசாருக்குப் போனாலும் முந்தானையை முதுகைச் சுற்றி இழுத்து, முன்னால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். எங்கள் தெருப் பெண்கள் தங்கள் மகள்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். உண்மை என்னவென்று அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அம்மாவின் ரவிக்கைகளில் முன்பக்கம்தான் கடையில் எடுத்த துணி. பின்பக்கம் அப்பாவின் பழைய சட்டை, எனக்குக் குட்டையாகிப்போன பாவாடை, ஒருமுறை கோதுமை மாவுச் சாக்கு. வேர்த்து வழிந்தாலும் அந்த முந்தானை இறங்காது.

எங்கள் தெருக் கோயில் அம்மனுக்குப் பாவாடை தைப்பது அம்மாதான். அவருக்கு இருந்த ஒரே பெருமை அது. கருவறைக்குள் போய் அளவெடுக்க முடியாதல்லவா, அதனால் பூசாரி ஒரு நூலை அம்மன்மேல் பிடித்து, இடுப்புக்கு ஒரு முடிச்சும் பாதத்துக்கு ஒரு முடிச்சும் போட்டுக் கொண்டுவந்து தருவார். அந்த நூலை வைத்துக்கொண்டு விசிறி மடிப்பும் ஜரிகைக் கரையுமாக அம்மா முன்பக்கத்தைத் தைத்துவிடுவார். பின்னால் கட்டிக்கொள்ள நாடா, அவ்வளவுதான். சுவரோரம் நிற்கிற அம்மன் எந்தக் காலத்தில் திரும்பிக் காட்டியிருக்கிறாள்?

மலாயில் மெர்டேக்கா என்கிற சுதந்திரம் நாட்டுக்கு வந்த வருடம் கடலோரத் திடலில் இந்தியாவிலிருந்து ஒரு சர்க்கஸ் வந்து இறங்கியது. அதில் அந்தரத்தில் ஊஞ்சலாடும் பெண் ஒருத்தி இருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. எனக்கு அவள் ஊஞ்சல் அக்கா. ஒரு வெள்ளிக்கிழமை அவள் எங்கள் கோயிலுக்குச் சாமி கும்பிட வந்தவள், அம்மனைவிட அம்மனின் பாவாடையைத்தான் அதிக நேரம் பார்த்தாள். கப்பலில் உப்புத் தண்ணீர் பட்டு அவளுடைய நல்ல உடை பாழாகிப் போயிருந்தது. மெர்டேக்காவுக்காக ஒரு விசேஷக் காட்சி வரப்போகிறது. "இதத் தச்ச கை எதுங்க?" என்று பூசாரியிடம் கேட்டுக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கோயில் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. அம்மனுக்குத் தைக்கிற கையால் சர்க்கஸ்காரிக்கா என்று வாசலில் நின்றே குதித்தார். கடைசியில், "தைங்க. ஆனா நானும் வந்து பாக்கத்தான் போறேன். பாக்கக் கூடாதத ஊரு பாத்துச்சுன்னா, அப்புறம் அம்மன் துணிய நீங்க தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா கத்தரிக்கோலைத் தீட்ட ஆரம்பித்தார். அது பிடிவாதம் என்பது அப்பாவுக்குத் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் அப்பா, தன் மனைவி சர்க்கஸுக்குத் தைக்கிற செய்தியை டிக்கெட்டோடு சேர்த்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார்.

அம்மா பழக்கதோஷத்தில் ஊஞ்சல் அக்காவிடம் ஒரு நூலைக் கொடுத்து அனுப்பினார். அவளும் சிரித்துக்கொண்டே தோளுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தாள். மயில்நீலப் பட்டு வந்தது. கம்போங் செட்டியிலிருந்து அம்மாவின் சிநேகிதி ஒருவர் தன் மணி கோத்த காலணி வேலையில் மிஞ்சிய மணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். நம்மைப் போலவே சாமி கும்பிட்டு, மலாயில் பேசுகிற அத்தை அவர். உடை முடிந்ததும் கன்னத்தில் கை வைத்து, "சந்தேக்!" என்றார். அழகுதான்.

காட்சி அன்று காலையில் ஒத்திகைக்கு எடுத்துப் போனோம். ஊஞ்சல் அக்கா தன் பழைய பனியன்மேல் அதைக் கட்டிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள். யானைப்பாகன்கூடக் கை தட்டினான். பிறகு அவள் ஏணியில் ஏறி, ஊஞ்சலைப் பிடித்து, ஒரு வீச்சு வீசித் திரும்பினாள்.

பின்னால் நாலு நாடா. நாடாக்களுக்கு நடுவில் ஓட்டைப் பனியன். அதுவும் இல்லாவிட்டால் வெறும் முதுகு.

யானைப்பாகன் சிரித்த சிரிப்பில் யானையே திரும்பிப் பார்த்தது. அம்மாவின் கை தானாகத் தன் முந்தானைக்குப் போனது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து, பலகை இருக்கைகளின் வழியாக அந்த வட்டத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி நடந்தார். அங்கங்கே உட்கார்ந்து பார்த்தார். நானும் கூடவே உட்கார்ந்து எழுந்தேன்.

"இங்க எது முன்பக்கம்?" என்று கேட்டார், இறங்கி வந்தவளிடம்.

"முன்னால பின்னால எல்லாம் இங்க கெடையாதுக்கா. சுத்தி ஜனங்கதான்."

அம்மா தலையை நிமிர்த்திக் கூடாரத்தின் கூரையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். மேலே வெயில் ஏறியிருந்தது. நடுக்கம்பத்திலிருந்து நாலாபக்கமும் இறங்கிய துணியில் எத்தனை ஒட்டு! சிவப்பு, மஞ்சள், காக்கி, பூப்போட்டது. ஒவ்வொன்றும் தன் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"அந்த ஒட்டெல்லாம்?"

"காத்து கிழிச்ச எடம். எந்த ஊர்ல கிழியுதோ அந்த ஊர்த் துணி. மறைக்கவா முடியும்? அதான் நல்லா தெரியுற மாதிரியே போட்டுட்டோம்."

திரிஷா என்கிற மூன்று சக்கர வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தோம். கட்டிலுக்கடியிலிருந்த பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்தார். வருடக்கணக்காக அம்மன் பாவாடைகளில் வெட்டி விழுந்த துண்டுகள்: ஆடிக்கு வந்த பச்சை, நவராத்திரிச் சிவப்பு, தைப்பூச மஞ்சள். அவற்றை நீள நீளமாக வெட்டி, பிடரியில் எல்லாம் ஒன்றுகூடும்படி, அங்கிருந்து கீழே விரியும்படி தைத்தார். ஒன்றுகூடிய இடத்தை மறைக்க மணிகள். செட்டி அத்தை ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தார். எனக்குப் பசித்தது. அன்று அந்த வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை.

மாலைக் காட்சியில் கோயில் தலைவர் எங்களுக்கு முந்திய வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா கச்சான் கடலையை வாங்கிவிட்டுத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். ஊஞ்சல் அக்கா மேலே போனாள். வீசினாள். திரும்பினாள். முதுகில் அத்தனை நிறங்களும் கூடாரத்தைப் போலவே விரிந்து சுழன்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்து ஜனம் 'ஓ' என்று கத்தியது. நானும் கத்தினேன்.

தலைவர் எழுந்து நின்றார். கண்ணைச் சுருக்கினார்.

"அது... போன ஆடிக்கு அம்மனுக்குச் சாத்துன பச்சையில்ல?"

அப்பாவின் கையிலிருந்து கச்சான் கொட்டியது. அதே நேரம் மேலே ஊஞ்சல் அக்கா ஒரு ஊஞ்சலை விட்டு, வெறும் காற்றில் குட்டிக்கரணம் போட்டு, அடுத்த ஊஞ்சலைப் பிடித்தாள். தலைவரின் இரண்டு கைகளும் தாமாகக் கூடித் தலைக்குமேல் போயின. பின்னாலிருந்த எங்கள் தெருக்காரர்கள், தலைவரே கும்பிடுகிறாரே என்று தாங்களும் கும்பிட்டார்கள். வெளியே வரும்போது அவர் எல்லோரிடமும், "அம்மன் துணி முதுகுல இருக்குலா, எப்படி விழுவா?" என்று, தானே தைத்தவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து அப்பாவுக்கு விக்கல் வந்துவிட்டது.

சர்க்கஸ் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. கிளம்புமுன் எங்கள் வீட்டிலிருந்து ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கிப் போனாள் ஊஞ்சல் அக்கா, கூரைக்கு. அம்மா மாவுச் சாக்கில் ஒரு துண்டு கொடுத்தார்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா தனக்கொரு ரவிக்கை தைத்துக்கொண்டார். முன்பக்கம் கடைத்துணி. பின்பக்கம் வழக்கம்போல மிச்சம் மீதிதான்: அப்பாவின் சட்டை, என் பாவாடை, இன்னும் என்னென்னவோ, பிடரியில் கூடிக் கீழே விரிந்திருந்தன. அதை உடுத்திக் கோயிலுக்குக் கிளம்பியபோது முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொள்ள மறந்துவிட்டார். சும்மா தோளில் போட்டு இடுப்பில் செருகியிருந்தார். தெருப் பெண்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். சர்க்கஸ் பார்த்துக் கெட்டுப்போனாள் என்றும் ஒரு குரல் கேட்டது.

எனக்கு அவமானமாக இருந்தது. ஓடிப்போய் அம்மாவின் கையை இழுத்து, "அம்மா, ஒட்டு தெரியுது" என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியட்டும்" என்றார்.

நான் சொன்னது அவருக்குச் சரியாக விளங்கவில்லை என்று முடிவு செய்தேன். அம்மாவின் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் அந்த ஒட்டுகள் படாதபடி மறைத்துக்கொண்டே நடந்தேன். அம்மா நடையை எட்டிப் போட்டார். நானும் எட்டிப் போட்டேன். அவர் ஒதுங்கினால் நானும் ஒதுங்கினேன். கோயில் வாசல்வரை அம்மா என்னிடமிருந்து தப்பிக்கப் பார்த்தார், நான் விடவேயில்லை.