தையலுக்கு விட்ட முக்கோணம்

டெய்லரக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. ஆள் கடைக்குள் நுழையும்போதே தோள்பட்டை அளவைக் கண்ணாலேயே எடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு மட்டும் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய அம்மா கைநாட்டு. இவர் ஐந்தாவதோடு தையல் மெஷினில் உட்கார்ந்தவர். மகள் படிப்பில் எங்கேயோ போய்விட்டாள், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ஆனால் அது இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே கிடந்தது. கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி, அது எப்போதும் பாக்கி.

"நீ பாஸ் பண்ணும்மா, அடுத்த மாசமே நான் முடிச்சுக் கொடுத்துடுறேன்" என்று ஒருநாள் மகள் வாயை விட்டாள். டெய்லரக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதில் மறுபடியும் தேர்வு எழுதப் போனதற்கு ரோஷம் பாதி, இந்தப் பந்தயம் பாதி.

எழுதிவிட்டு வந்தபோது அவர் கால் தரையில் பாவவில்லை.

"முக்கோணம் வரைஞ்சியா?"

"ஜம்முனு வரைஞ்சேன்டி. இரு, காட்டுறேன்." சட்டைக்கு மாதிரி வெட்டும் காகிதத்தில் சரசரவென்று வரைந்தார். மகள் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, ஆறு சென்டிமீட்டர்தானே கேட்டாங்க? ஏழரை வருது. மூணு பக்கமும் கூடுதலா இருக்கு!"

"பின்னே, தையலுக்கு விட வேணாமா?"

மகள் தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள். டெய்லரக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயையோ! பரீட்சைப் பேப்பரை யாருடி தைக்கப்போறா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அவரும் சிரித்தார், சிரிப்போடு சிரிப்பாக அழுதும்விட்டார். இந்தத் தடவையும் போச்சு என்று மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் மகள் முகத்தில் லேசாக ஒரு நிம்மதி ஓடியதை அவர் கவனிக்காமல் இல்லை.

முடிவு வந்த அன்று கடையில் கூட்டம். மகள் போனைப் பார்த்தாள், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அம்மா, பாஸு!"

"கணக்குலயுமா?"

"கணக்குலயும்தான். தொத்திக்கிட்டுப் பாஸு!"

டெய்லரக்கா போட்ட கூச்சலில் எதிர்க்கடை நாய் எழுந்து ஓடியது. அளவு கொடுக்க நின்ற அம்மாளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அளவு நாடா இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. அதிலிருந்து விடுபட்டு மூச்சு வாங்க நிமிர்ந்தால், மகள் நைசாக வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போறே? வா, உக்காரு." வெட்டும் மேசைமேல் கிடந்த துணியை ஒரே வாராக வாரி ஒதுக்கிவிட்டு, மகளின் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் படிச்சுட்டு எழுதுறேனேம்மா…"

"படிச்சதெல்லாம் போதும். கேட்ட அளவுக்கு எழுது. தையலுக்கு விடாதே!"