மிக்ஸியை நிறுத்துகிற வேலை

சோறு ஊட்டுவது தாயின் வேலை. வாயில் விழுந்ததை மெல்லவும் உதட்டைக் குவிக்கவும் பிள்ளையைப் பழக்குவது எங்கள் வேலை. விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து, திண்டிவனத்தில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்துக்கு உதவியாளாகப் போய்வருகிறேன். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கிண்ணத்தோடு பிள்ளை பின்னால் ஓடிய உங்களுக்கு என் பாடு புரியும்.

தொண்டையில் நின்றது

கிளியனூர் செல்வி தன் மகன் முகிலனைத் தூக்கிவந்தாள். மூன்று வயது முடிந்தும் இட்லியைக்கூட மிக்ஸியில் அடித்துத்தான் கொடுக்கிறாள். வாய் மூடாது, எச்சில் வழிந்து சட்டை நனையும், பேச்சும் வரவில்லை. எடை ஏறவில்லை, மெல்லப் பழக்குங்கள் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். அரைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார் எங்கள் தெரபி மேடம். செல்வி மகனை இறுக்கிக்கொண்டாள். போன வருஷம் ஒரு மல்லாட்டை, வேர்க்கடலைதான், தொண்டையில் சிக்கி, பிள்ளைக்கு முகமே நீலம் பாய்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து மிக்ஸிதான்.

"சிக்கிக்கினு அவன் முழிச்ச முழி கண்ணுலயே நிக்குது மேடம். நீங்க ஈஸியா சொல்றீங்க."

கடைவாய்

அவித்த கேரட்டை விரல் மாதிரி நறுக்கி, வலைத்துணியில் முடிந்து, துணியை நாங்கள் பிடித்துக்கொண்டு அவன் கடைவாயில் வைப்போம். சாறு இறங்கும், துண்டு இறங்காது. முகிலன் நாக்கால் தள்ளுவான். மறுபடி வைப்போம். பார்த்துப் பழகட்டும் என்று அவன் எதிரில் உட்கார்ந்து நானும் மெல்லுவேன்: கேரட், இட்லி, கேப்பை அடை. மனசுக்குள் மயிலம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே மெல்லுவேன்.

ஒரு நாள் துணி நகர்ந்து, என் விரல் அவன் பல்லில் மாட்டிக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர். மேடம் குனிந்து அவன் வாயைத்தான் பார்த்தார்.

"கையை எடுத்துடாதீங்கம்மா, கடைவாய்ல நல்லா கடிக்கிறான்."

தோல் பறந்தது

ஊதிப் பழக மேடம் மெழுகுவத்தி ஏற்றினார். தீபத்தை வாயால் ஊதி அணைக்க எனக்கு மனசு வராது, செல்விக்கும் அப்படியே. வறுத்த மல்லாட்டையை உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதிவிட்டுத்தானே தின்கிறோம்? பருப்பை எடுத்துவிட்டு வெறும் தோலை நீட்டினேன். செல்வி முகம் வெளுத்தது. பருப்பு இல்லை என்று விரலை விரித்துக் காட்டி, அவன் வாய்க்கு ஒரு சாண் தள்ளியே பிடித்தேன்.

பல நாள் எச்சில்தான் வந்தது, காற்று வரவில்லை. நானும் விடவில்லை. ஒரு காலையில் உதடு குவிந்தது. தோலெல்லாம் செல்வி தலையில். இதனாலேயே பேச்சு வந்துவிடாது, இது ஒரு தொடக்கம் என்றார் மேடம். செல்வி தலையைத் தட்டிவிடக்கூட இல்லை.

"இன்னொரு வாட்டி ஊது சாமி, அம்மா இங்கதான் இருக்கேன்."

போன் வந்தது

அப்புறம் மையத்தில் வலைத்துணி இல்லாமலே அடைத் துண்டை மென்று விழுங்கினான். வீட்டில் மட்டும் செல்விக்குக் கை வரவில்லை. மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. என் நாற்காலியில் அவளையே உட்காரவைத்து, நீ மெல்லு, அவன் பார்க்கட்டும் என்றேன்.

போன வாரம் போன் பண்ணினாள். அப்பா தட்டிலிருந்த கேப்பை அடையை முகிலனே பிய்த்து, கடைவாயில் ஒதுக்கி மென்றானாம். இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்; பிடுங்கவில்லையாம்.

"ரெண்டு நாளா மிக்ஸி சட்னிக்கு மட்டுந்தாம்மா ஓடுது."

முகிலனுக்கு எடை ஏறத் தொடங்கிவிட்டது. எதிரில் உட்கார்ந்து மென்ற எனக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.